இரண்டு பாட்டில் தண்ணீர்

என் கணவருக்குத் திண்டிவனத்துக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெஷின் பராமரிக்கும் வேலை கிடைத்தபோது நாங்கள் விழுப்புரத்தில் வாடகைக்கு இருந்தோம். முதலில் பஸ்ஸிலேயே போய் வந்தார். பெண்ணுக்கு நாலு வயது, பையன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். அவர் காலையில் கிளம்பும்போதும் இரண்டும் தூங்கும், திரும்பி வரும்போதும் தூங்கும். "இவனுக்கு நான் யாருன்னு தெரியுமான்னே சந்தேகமா இருக்குது" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. வீடு மாறிவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். நான் வீட்டில் ப்ளவுஸ் தைப்பவள். வாடிக்கைக்காரர்கள் போய்விடுவார்கள், ஆனால் மெஷின் எங்கே போட்டாலும் ஓடும்.

திண்டிவனத்தில் எங்களுக்கு யாரையும் தெரியாது. அவரோடு வேலை பார்ப்பவர் ஒரு புரோக்கரைச் சொன்னார். ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு வீடும் பார்த்துக் கொடுக்கிறவர். ஊரின் ஓரத்தில் அவர் இரண்டு இடங்களைக் காட்டினார். இரண்டுக்கும் ஒரே பெயர். ஒன்று பல வருஷமாக இருக்கிற நகர். இன்னொன்று அதே பெயரோடு 'விரிவு' என்று சேர்த்துக்கொண்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மனை போட்டு வந்தது. நடுவில் ஒரு சின்னப் பாலம்.

"ரெண்டும் ஒரே ஏரியாதாம்மா. பாலத்துக்கு அந்தாண்ட வாடகை கம்மி, அவ்ளோதான்" என்றார் புரோக்கர்.

"ஒரே ஏரியான்னா ஏன் கம்மி?"

"கடைங்க இன்னும் வரணும். நல்லா டெவலப் ஆயிக்கினு இருக்குது."

எனக்கு அது போதவில்லை. லைனிங் துணியைக்கூட நனைத்துக் காயவைத்துச் சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்க்காமல் நான் வெட்டமாட்டேன். வீட்டு விஷயத்தில் மட்டும் எப்படி விடுவேன்?

பழைய நகரில் பார்த்த வீடு எல்லா விதத்திலும் நல்ல வீடு. தெருவில் மரம் இருந்தது, பக்கத்திலேயே அங்கன்வாடி, நடந்து போகிற தூரத்தில் மார்க்கெட். வீட்டுக்காரர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழே அவரும் மனைவியும், மேலே வாடகை போர்ஷன். எங்களை உட்காரவைத்து நிதானமாகப் பேசினார்.

"எந்த ஊரு தம்பி?"

"விழுப்புரத்துல இருக்கோம் சார்."

"அது இருக்கறது. சொந்த ஊரு?"

"வானூர் பக்கம்." கணவர் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அட, தெரியுமே. நம்ம சம்பந்தி வகையில அங்க ஆளுங்க இருக்காங்க. நீங்க ஊருக்குள்ளவா, இல்ல ரோட்டுக்கு மேக்காலயா?"

ரோட்டுக்கு மேற்கே இருப்பது எங்கள் காலனி. அங்கிருந்து வந்தவர்களிடம் இந்தக் கேள்வி எப்படியும் வந்து சேரும். கேட்கிறவரைப் பொறுத்து வரும் வழி மட்டும் மாறும். என் கணவர் எப்போதும்போல நேராகச் சொன்னார்: "மேக்கால சார்."

வீட்டுக்காரர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. ஏதாவது ஒன்று, அசௌகரியமோ பிரியமோ, தெரிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "சந்தோஷம்" என்றார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். எங்களுக்குக் காகிதக் கப்பில், அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில். பையனுக்குத் தண்ணீர் வேண்டும் என்று நான் பாட்டிலை நீட்டியபோது அந்த அம்மா தயங்காமல் வாங்கிப்போய் வெளிக்குழாயில் பிடித்துக் கொடுத்தார். "தாராளமா குடுக்கலாம்மா, எளநீ மாதிரி இருக்கும்." வாசலில் விடைபெறும்போது வீட்டுக்காரர், "ரெண்டு நாள்ல சொல்லி அனுப்பறேன் தம்பி" என்றார்.

பாலத்தைத் தாண்டினோம். விரிவில் புது வீடுகள் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் பூட்டியிருந்தன. புரோக்கர் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். என்னைவிடச் சின்னவள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும்.

"வாங்கக்கா, வாங்கண்ணா" என்று பல நாள் பழகியவள் மாதிரி கூப்பிட்டாள். பையனை என் இடுப்பிலிருந்து கேட்காமலே வாங்கிக்கொண்டாள். வேகவைத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள், ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து என் மகளுக்கு உரித்துக் கொடுத்தாள். கீழ்ப் போர்ஷன்தான் காலியாக இருந்தது. மேல் போர்ஷனை வீட்டுக்காரர் தன் சாமான்களைப் போட்டுப் பூட்டிவைத்திருந்தார், அவர் சென்னையில் இருந்தார். ஒவ்வொரு அறையாக அவளே காட்டினாள். காற்று எந்தப் பக்கம் வரும், துணி எங்கே காயப்போடலாம் என்று புரோக்கருக்கு வேலையே இல்லாமல் பண்ணிவிட்டாள். எனக்கு அவள் மேல்தான் கண். பையன் இடுப்புக் கயிற்றில் வெள்ளித் தாயத்து இருந்தது. அது இருக்கிறதா என்று இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொண்டேன்.

"மழை பெஞ்சா இங்க எப்படி? தண்ணி நிக்குமா?" என்று கேட்டேன்.

"சேச்சே, எல்லாம் வாய்க்கால்ல ஓடிடும். அந்தாண்ட நகர்லயும் வீடு பாத்தீங்களா? அங்க மட்டும் போயிடாதீங்கக்கா. தண்ணி ஒரே உப்பு. புள்ளைங்களுக்குச் சொறி புடிச்சிடும். இங்க தண்ணி கல்கண்டு."

நான் இன்னொரு பாட்டிலைக் கொடுத்தேன். ஓடிப்போய் தன் வீட்டிலிருந்து நிரப்பிக் கொண்டுவந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பிள்ளைகளும் தூங்கிவிட்டன. "எது புடிச்சிருக்குது?" என்று கணவர் கேட்டார். எதுவும் பிடிக்கவில்லை என்றேன். அந்தப் பழைய நகர்க்காரர் நம் ஊர் எது என்று தோண்டித் தோண்டிக் கேட்டார், அது பிடிக்கவில்லை. இந்த எதிர்வீட்டுப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது அதைவிடப் பிடிக்கவில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் நம்மைப் பற்றி எதுவுமே கேட்காத ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

"கேட்டாலும் தப்பு, கேக்காட்டியும் தப்பா? உன்னோட ஒரே பேஜாரா இருக்குது" என்றார்.

மறுநாள் இரண்டு பாட்டில் தண்ணீரையும் தனித்தனிப் பாத்திரத்தில் ஊற்றி, ஒரே அளவு துவரம்பருப்பைப் போட்டு அடுப்பில் வைத்தேன். குக்கர் வேண்டாம், மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். உப்புத் தண்ணீரில் பருப்பு எத்தனை நேரமானாலும் வேகாது. இரண்டும் வெண்ணெய் மாதிரி குழைந்துவிட்டன. ஆக, பழைய நகர்த் தண்ணீர் உப்பு என்று அவள் சொன்னது பொய். "யாராவது சொன்னத நம்பிச் சொல்லியிருக்கும்" என்றார் கணவர். இருக்கலாம். ஆனால் விரிவுத் தண்ணீரில் பருப்பு வெந்த விதமும் எனக்குச் சமாதானமாக இல்லை. அவள் கதவு திறந்திருந்தபோது உள்ளே நீலத் தண்ணீர்க் கேன்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்திருந்தேன். கல்கண்டுத் தண்ணீர் குழாயில் வரும்போது கேன் எதற்கு?

பழைய நகர்க்காரர் சொன்னபடி சொல்லி அனுப்பவில்லை. புரோக்கருக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு நேரிலேயே போனோம். கேட்டில் டு-லெட் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வெளியே வந்து, கேட்டைத் திறக்காமல் பேசினார்.

"அடடா, சொல்லி அனுப்பணும்னு இருந்தேன் தம்பி. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் திடீர்னு கேட்டுட்டான். குடுத்துட்டேன்."

"பரவாயில்லங்க சார்" என்றார் கணவர். கேட்டின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர், நடுவில் அந்தப் போர்டு. அதை நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "கழட்டணும்" என்றார். நாங்கள் தெருமுனை திரும்பும்வரை கழற்றவில்லை.

மகள் கால் வலிக்கிறது என்றாள், கணவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தின் மேல் வேகமாக நடந்தார். ஈடுகொடுக்க நான் ஓடவேண்டியிருந்தது.

விரிவில் அந்தக் காலி வீட்டின் பக்கவாட்டில் ஒரு குழாய் இருந்தது. நான் நேரே போய் அதைத் திறந்து பாட்டிலில் பிடித்தேன். ஒரு வாய் குடித்தேன். உப்பு நாக்கில் ஒட்டியது. நிமிர்ந்தபோது எதிர்வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி எங்கிட்டயே கேட்டிருக்கலாமேக்கா."

"நீ குடுத்த தண்ணியில பருப்பு நல்லா வெந்துச்சு. அது எந்தக் கடை கேனு?"

அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அந்தாண்ட தண்ணி உப்புன்னு ஏன் சொன்ன?"

"நீங்க அங்க போயிடுவீங்களோன்னுதான்."

"வேற என்ன பொய் சொன்ன?"

கொஞ்சம் யோசித்தாள். "மழைத் தண்ணி நிக்காதுன்னு சொன்னேன். உள்ள வாங்க, காட்டறேன்."

தன் வீட்டுக்குள் கூட்டிப்போய் இரும்புப் பீரோவைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்தாள். புதுப் பெயிண்ட் பீரோவின் ஓரத்தோடு நின்றிருந்தது. பின்னால் பழைய சுவர். அதில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேறு ஒரு கோடு போட்டிருந்தது.

புயல் வந்த வருஷம் வாய்க்கால் உடைத்துக்கொண்டதாம். மழை வலுத்த முதல் நாளே மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அவள் புருஷன் லாரியோடு வடக்கே எங்கோ மாட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் வாசல்படி ஏறியபோது அவள் மகளைத் தூக்கிக்கொண்டு எதிரே, நாங்கள் பார்த்த அந்தக் காலி வீட்டின் வெளிப்படிக்கட்டில் ஏறி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒண்டிக்கொண்டாள். மறுநாள் படகில் வந்தவர்கள் இந்தத் தெருவில் யாரும் இல்லை என்று திரும்பிப்போக இருந்தார்கள்.

"கத்திக்கினே இருந்தேங்கா. தொண்டை போயிடுச்சு. கேக்கறதுக்கு ஒரு வீட்டுலயாவது ஆளு வேணுமில்ல? அதுக்கப்புறம் வாடகைக்கு வந்தவங்கல்லாம் தண்ணியப் பாத்துட்டு, கதையக் கேட்டுட்டு ஓடிட்டாங்க. நீங்களாவது இருக்கட்டும்னுதான்."

"நீயும் உங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கலாமே?"

"யாரு வீட்டுக்கு? அவரு வேற ஆளுங்க, நான் வேற. ரெண்டு வீட்டுலயும் சேத்துக்கல."

அப்போதுதான் கேட்டேன். "எங்கள எந்த ஊரு, எந்தத் தெருன்னு நீ கேக்கவேயில்லயே. ஏன்?"

"கேட்டா நீங்களும் திருப்பிக் கேப்பீங்களே" என்றாள்.

அவள் சொன்னதை முழுசாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். படகு, தொண்டை போனது எல்லாம் எனக்காகச் சேர்த்துக்கொண்டதோ என்று அங்கே நிற்கும்போதே தோன்றியது. ஆனால் சேற்றுக் கோடு பொய் சொல்லவில்லை. அதை அவள் காட்டியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

வெளியே வந்ததும், வேறு ஊர்ப்பக்கம் பார்க்கலாம் என்றேன். கணவர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

"அந்த சாரும் பொய் சொன்னாரு, இந்தப் பொண்ணும் பொய் சொல்லிச்சு. அவரு சொன்னது நாம வரக்கூடாதுன்னு. இது சொன்னது நாம வரணும்னு."

"அதுக்காக வெள்ளத்துல வந்து குடியிருக்கணுமா? புள்ளைங்கள வெச்சிக்கினு?"

"கீழ வேணாம். மேல கேப்போம்."

சென்னையில் இருந்த வீட்டுக்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டார். மேல் போர்ஷனில் சாமான் இருக்கிறது என்று அவர் இழுத்தார். சாமானைக் கீழே போடுங்கள், மாடி என்றால் வருகிறோம், கீழே என்றால் வேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். அவர் இப்படிக் கறாராகப் பேசி நான் கேட்டதில்லை. கேட்டுக்கு வெளியே நின்றது அவருக்குள் வேலை செய்திருக்கவேண்டும். நான் தடுக்கவில்லை. வீட்டுக்காரர் சாயங்காலம் கூப்பிட்டுச் சரி என்றார். அடுத்த மாதமே சாமான்களை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து கிளம்பிவிட்டோம்.

வந்து முதல் மழைக்காலத்தில் வாய்க்கால் நிரம்பித் தெரு முழுக்கத் தண்ணீர் வந்தது, ஆனால் வீடுகளுக்குள் ஏறவில்லை. முதல் நாளே எதிர்வீட்டுப் பெண் அடுப்பையும் அரிசியையும் மகளையும் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். வடிகிறவரை எங்களோடுதான் இருந்தாள். இரண்டு பெண்பிள்ளைகளும் என் வெட்டுத் துணிகளை அறை முழுக்கப் பரப்பி விளையாடின. நான் தைத்துக்கொண்டிருந்தபோது பையன் அவள் மடியில் தூங்கினான். இதை எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், "அவன் சாப்ட்டுட்டாங்கா" என்று அவள் சொன்னால் நான் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். அவளுக்கும் அது தெரியும். இப்போதெல்லாம் சொல்லும்போதே கிண்ணத்தைக் காட்டிவிடுகிறாள்.

பையன் இப்போது அப்பா வண்டிச் சத்தம் கேட்டாலே படிக்கட்டுக்கு ஓடுகிறான். தெருவில் இன்னும் சில குடும்பங்கள் வந்திருக்கின்றன. குடிக்கக் கேன் தண்ணீர், மற்றதற்கெல்லாம் உப்புத் தண்ணீர். பழைய நகர் வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறேன். அந்த வீட்டுக்காரர் எதிர்ப்பட்டால், "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்பார். நல்லா இருக்கேன் சார் என்பேன். வேறு பேச்சு இல்லை.

போன மாதம் தெருக்கோடியில் ஒரு மனை விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டோம். கணவருக்கு ஆசை வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அவரைவிட ஆசை. "ஜல்தியா முடிச்சிடுங்கண்ணா, அது மேடு, அங்க தண்ணியே வந்ததில்ல" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கார்த்திகை மழை முடியட்டும், அப்புறம் அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.