சங்கரலிங்கம் பிள்ளையும் புளி போட்டுத் தேய்த்த காசும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. லண்டனுக்குப் போகவேண்டிய கடிதம் ஒன்றின் மூன்றாவது நகலை நான் ஆபீசில் எழுதிக்கொண்டிருந்தபோது, பவானிபூர் ஹோமியோபதி டாக்டரின் கம்பவுண்டர் வந்து என் மேஜைக்கு எதிரே நின்றார். வழக்கமாகக் கண்ட இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் மனிதர், அன்று நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "பிள்ளை பாபு ஆர் நேயி" என்றார். பிள்ளை பாபு இனி இல்லை.

தலைமைக் குமாஸ்தாவிடம் போய் லீவு கேட்டேன். இறந்தவர் என்ன உறவு என்று கேட்டார். ஒரே வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர் என்றேன். லீவு தரக்கூடிய உறவுகளின் பட்டியலில் அது இல்லை என்று வருத்தத்துடன் தெரிவித்தார். பட்டியலைத் திருத்தும்படி அவரைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சங்கரலிங்கம் பிள்ளை அவர்களைக் கல்கத்தாத் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாத மறுபாதிக்குச் சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்தவர். ஒரு சணல் கம்பெனியில் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். நெடிய உருவம், நரைத்த மீசை, எந்தச் செய்தி கேட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் முகம். கம்பெனியார் அவரைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை, சம்பளம் உயர்த்தும் அளவுக்கு நிறையும் சொன்னதில்லை. உலகத்தில் அவருக்கு விருப்பமான பொருள் ஒன்றுதான்: பார்க்கச் சகிக்காத பழைய காசு.

மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிதில் நான் பவானிபூருக்கு வந்தேன். தென்னாட்டுக் குமாஸ்தாக்கள் ஒன்பது பேர் சேர்ந்து நடத்திய ஒரு மெஸ்ஸில் எனக்கு ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் கிடைத்தது. பக்கத்துப் பாய் பிள்ளையவர்களுடையது. முதல் ஞாயிற்றுக்கிழமையே என்னை அழைத்துக்கொண்டு காசாரிகள் தெருவுக்குப் போனார். அங்கே பித்தளை, செம்புப் பாத்திரம் செய்கிறவர்கள் பழைய உலோகத்தை எடைக்கு வாங்கி உருக்குவார்கள். உருக்கப் போட்டிருக்கும் குவியலின் முன்னால் பிள்ளையவர்கள் குந்தி உட்கார்ந்து, காய்கறிக் கடையில் அழுகல் பொறுக்குகிறவர்போல, நல்லதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மோசமானதை எடுத்தார். அவர் எடுத்தவற்றில் ஒரு காசாவது வட்டமாக இல்லை. ஒன்றில் உளி வெட்டு. ஒன்றில் பாதி எழுத்து. ஒன்று யாரோ மென்று துப்பியது போல இருந்தது.

அழகாக இருப்பதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"காசுக்கு அழகு எதுக்கு வே? அதென்ன பொண்ணு பாக்கவா போகுது?" என்றார். பிறகு நடந்துகொண்டே விளக்கினார். "நாப்பது வருசம் நல்லா ஆண்ட ராசா காசு மூட்டை மூட்டையாக் கெடக்கு. அத எவன் வாங்குவான்? நாலு மாசம் ஆண்டுட்டு ஓடிப்போனான் பாரும், அவன் காசுக்குத்தான் துரைமார் அடிச்சுக்கிடுதாக. அவசரத்துல அடிச்ச காசு அசிங்கமாத்தான் இருக்கும்."

நல்லாட்சிக்குப் பிற்காலத்தில் கிடைக்கும் சன்மானம் இதுதான் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன். சரித்திரப் புத்தகங்கள் இதை ஏனோ மறைக்கின்றன.

அவர் வைத்திருந்த நாற்பது காசுகளில் தலைசிறந்தது ஒரு செப்புக் காசு. தலைசிறந்தது என்றால் மிக அவலட்சணமானது. ஊறுகாய்ச் சாடியின் அடியில் பிடிக்கும் பாசிபோல ஒரு பச்சை அதன் மேல் முழுக்கப் படர்ந்திருந்தது. ஓரம் வெடித்திருந்தது. நடுவில் ஒரு மேடு. அதை யானை என்று பிள்ளையவர்கள் சொன்னார். அவருக்கு அதை விற்ற காசாரி, ஆடு என்றாராம். எனக்குக் கத்தரிக்காயாகத் தெரிந்தது. அடித்தவர் நாலு மாதம் அரசாண்ட ஒருவர். அந்தக் காசு உலகத்தில் மூன்றுதான் இருப்பதாகவும், மற்ற இரண்டும் இதைவிடச் சற்று அழகாக இருப்பதால் இதற்குத்தான் மதிப்பு அதிகம் என்றும் பிள்ளையவர்கள் சொன்னார். அலிப்பூரில் ஒரு ஜட்ஜு துரை இருந்தார், பழங்காசு சேர்ப்பவர். அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அது சிங்கம் என்று தீர்ப்புச் சொல்லி, முந்நூறு ரூபாய் தருவதாக வாக்களித்தார். அது பிள்ளையவர்களுக்கு ஆறு மாதச் சம்பளம். விஜயதசமி நல்ல நாள், அன்று காலையில் கொண்டுவந்து தருகிறேன் என்று இவர் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த முந்நூறு ரூபாய் எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். அவருடைய மனைவி பிரமு அம்மாளும் பெண் குழந்தையும் ஆறு வருஷமாக ஊரில், அம்மாளின் தமையனார் வீட்டில் இருந்தார்கள். வீடு எடுத்து அழைத்துக்கொள்கிறேன் என்று இவர் மாதம் ஒரு கடிதம் எழுதிவந்தார். பவானிபூரில் ஒரு வீடு பார்த்தும் வைத்திருந்தார். கீழே இரண்டு அறை, மாடியில் ஒன்று. வீட்டுக்கார கோஷ் பாபு ஆறு மாத வாடகை முன்பணம் கேட்டார். ரயில் செலவும் பாத்திரம் பண்டமும் அதற்கு மேல். அந்தப் புரட்டாசியில் அம்மாளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எப்போதும் தமையனாரை விட்டு எழுதச் சொல்கிறவர், அன்று தன் கைப்பட எழுதியிருந்தார். இரண்டே வரி. ஐப்பசி முடிவதற்குள் வீடு பார்த்தால் வருகிறேன். அதற்குப் பிறகு கூப்பிட வேண்டாம், நானும் வரமாட்டேன். பிள்ளையவர்கள் அதை என்னிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, "எழுத்து நல்லா முத்து முத்தா இருக்கு, பாத்தீரா?" என்றார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். கல்கத்தா முழுவதும் துர்க்கை பூஜையில் இருக்கும்போது, நாங்கள் மெஸ்ஸில் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் கொண்டாடுவோம். அவரவர் தொழில் செய்யும் கருவியை விளக்கின் முன் வைக்கவேண்டும். சமையற்காரர் அரிவாள்மணையை வைப்பார். நாங்கள் பேனாவையும் மைக்கூட்டையும் வைப்போம். பிள்ளையவர்கள் காசுப் பெட்டியை வைப்பார். கம்பெனி வேலையை அவர் தம் தொழிலாகக் கருதியதில்லை. அந்த வருஷம் கருவிகளைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நவமியன்று காலையில் அவர் காளிகட்டம் கோயிலுக்குப் போயிருந்தார். நான் குத்துவிளக்கு, மணி, செம்பு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். கையில் கொஞ்சம் புளி மிச்சம் இருந்தது. காசுப் பெட்டியைத் திறந்தேன். நாற்பதுக்கும் போதாது. ஆகவே, எதற்கு மிகவும் தேவையோ அதற்கு மட்டும் செய்வோம் என்று, இருந்ததில் மிக அழுக்கானதைப் பொறுக்கி எடுத்தேன். கால் மணி நேரம் தேய்த்தேன். பிறகு சாம்பல் போட்டும் ஒருமுறை தேய்த்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை.

பிள்ளையவர்கள் திரும்பி வந்தபோது, இலையின் நடுவில் அந்தக் காசு புதுச் செம்புக் குடம்போல மின்னிக்கொண்டிருந்தது. நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அவர் சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். குடித்தார். தம்ளரைக் கீழே வைத்து, "புளி எந்தக் கடையில வாங்கினீரு?" என்றார். சொன்னேன். "நல்ல புளி" என்றார்.

அந்தப் பச்சைப் பாசிதான் காசின் வயதுக்குச் சாட்சி, அதற்குத்தான் விலையே என்பதைச் சமையற்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அவருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

மறுநாள் அலிப்பூருக்கு நானும் கூடப் போனேன். அவர் வேண்டாம் என்றார். குற்றவாளி ஜட்ஜின் முன் நிற்பதுதான் முறை என்று சொல்லிப் போனேன். துரை காசைக் கையில் வாங்கினார். அவருடைய வெள்ளை முகம் இன்னும் வெளுத்தது. "இதற்கு யார் என்ன செய்தார்கள்?" என்றார்.

"பூஜை செய்தோம், சார்" என்றார் பிள்ளையவர்கள். செய்தான் என்று சொல்லவில்லை, செய்தோம் என்றார். நான் அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை மறக்கவில்லை.

துரை பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் வேறொரு துக்கம் தெரிந்தது. பாசி போனபிறகு அந்த மேடு தெளிவாகத் தெரிந்துவிட்டது. அது யானை இல்லை, ஆடு இல்லை, சிங்கமும் இல்லை. அது அரசர். கன்னமும் மூக்கும் கிரீடமுமாக, அவசரத்தில் அடித்தவன் கைக்கு வந்தபடி வந்திருந்த அரசரின் முகமேதான். துரை அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு பண்டிதர் சபையில் இந்தச் சிங்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்திருந்தாராம். அந்த வம்சத்தாருக்குச் சிங்கக் கொடி என்று நிறுவிக் கைதட்டும் வாங்கியிருந்தாராம். பாசி போனதைக்கூட அவர் மன்னித்திருப்பார். சிங்கம் போனதை எந்த அறிஞரும் மன்னிக்கமாட்டார்.

ஐந்து ரூபாய் தருகிறேன் என்றார். பிள்ளையவர்கள் காசை எடுத்து வேஷ்டி மடிப்பில் முடிந்துகொண்டு, "முகம் தெரிந்த ராஜாவை ஐந்து ரூபாய்க்கு விற்பது நன்றாக இருக்காது, சார்" என்று வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

டிராமில் எனக்கு அழுகை வந்தது. என்னிடம் ஒரு பைக்கடிகாரம் வாங்கச் சேர்த்துவைத்த ஐம்பது ரூபாய் இருப்பதாகவும் அதை எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவரும் அழுகிறார் என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல், கண்ணில் நீர் வழியச் சிரித்தார். டிராம் முழுவதும் எங்களைப் பார்த்தது.

"மூணு வருசமா அந்தாளு மூஞ்சிய யானைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் வே" என்றார். "அவரு என்ன நெனச்சிருப்பாரு?"

"அண்ணாச்சி, மதினி வர்றதுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

சிரிப்பை நிறுத்தினார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ராசாமாரு காசு வெல போகட்டும்னு ஆறு வருசம் அவளைக் காக்க வச்சுட்டேன். தப்பு என் பேர்லதான். அந்த மாடி ரூம்புக்கு நீரு வந்திரும். வாடகையில பாதி உம்மது. நீரு செஞ்சதுக்கு அதான் தண்டனை."

அன்று மாலை கங்கையில் துர்க்கைப் பிரதிமையைக் கரைத்துவிட்டு வந்த வங்காளிகள், வழக்கப்படி வீடு வீடாகப் போய் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டிருந்தார்கள். விஜயதசமி மாலையில் வாசலுக்கு வந்தவரைத் தழுவி வாயில் இனிப்பு ஊட்டாமல் அனுப்பக் கூடாது, மனஸ்தாபமும் கூடாது. பிள்ளையவர்கள் நேரே கோஷ் பாபு வீட்டுக்கு நடந்தார். தழுவினார். அவர் ஊட்டிய சந்தேஷ் வாயில் இருக்கும்போதே, ஆறு மாத முன்பணம் முடியாது, இரண்டு மாதம்தான் முடியும் என்று வங்காளியில் சொன்னார். கோஷ் பாபு திகைத்துப் போனார். கையோ பிள்ளையவர்களின் தோளில். நாளோ அப்படிப்பட்ட நாள். மூன்று மாதம் என்றார். என் ஐம்பது ரூபாயில் முடிந்தது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் கோஷ் பாபுவால் கண்டிப்பாக இருக்க முடியாது, அந்த நாளைக் குறிவைத்து ஆறு வருஷம் முன்பே போயிருக்கலாம் என்று பிள்ளையவர்கள் பிற்பாடு வருந்துவார்.

ஐப்பசி இருபத்தெட்டாம் தேதி, ஹௌரா ஸ்டேஷனில் மதினி வந்து இறங்கினார். நடந்த கதையை இவர் மறைக்காமல் சொல்லிக் காசையும் காட்டினார். மதினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த மூஞ்சிக்கா அவன் முந்நூறு ரூவா தாரேன்னான்?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "காதோரத்துல இன்னும் அழுக்கு இருக்கே தம்பி" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து நான் அந்த வீட்டு மனிதன்.

பன்னிரண்டு வருஷம் தண்டனை அனுபவித்தேன். தினமும் கீழேயிருந்து சொதியும் துவையலும் வரும். ஞாயிறுதோறும் காசாரிகள் தெரு. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, எனக்கும் கல்யாணம் ஆகி, மாடி அறையில் நாங்கள் நான்கு பேராகிவிட்டோம். வேறு வீடு பார்க்கலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "தண்டனைக் காலம் முடியல வே" என்றார் பிள்ளையவர்கள். எந்த ஜட்ஜும் இவ்வளவு அக்கறையுடன் ஒரு கைதியை வைத்துக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

கடைசியில் நாலு நாள் காய்ச்சல்தான். தெருவார் தோள்கொடுக்க, கங்கைக்கரைக்குக் கொண்டுபோனோம். கோஷ் பாபு, தள்ளாத வயதில், முன்னால் நடந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், ஊரிலிருந்து வந்திருந்த மதினியின் தமையனார், சாமான்களைக் கட்டலாமா, ஊருக்குப் போகலாம் என்று பேச்செடுத்தார். இனி இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மதினி நிமிர்ந்து பார்த்தார்.

"அவுக என்னைக் கூப்பிட ஆறு வருசம் எடுத்துக்கிட்டாக அண்ணே. போறதுக்கு மட்டும் என்ன அவசரம்? இது என் வீடு."

நேற்றுக் காலை தமையனார் தனியாக ரயிலேறினார். நான் அவரை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது வாசலில் காய்காரர் கூடையை இறக்கியிருந்தார். ஜன்னலுக்கு உட்புறம் நின்று மதினி, பதினாறு நாளைக்குப் பிறகு முதல்முறையாகக் குரலை உயர்த்தி, நெல்லைச் சீமையின் இழுப்போடு கூடிய வங்காளியில் பரங்கிக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தார். காய்காரர் தோற்றுக்கொண்டிருந்தார். நான் படியில் நின்று முழுவதும் கேட்டேன்.

அண்ணாச்சி, வீட்டில் அடுப்பு எரிகிறது. பரங்கிக்காய் பாதி விலைக்கு வந்துவிட்டது. நீங்கள் கவலையில்லாமல் போய் வாருங்கள்.