நிற்கக் கூடாதவர்

மட்டக்களப்பில் ஒரு கிளினிக்கில்தான் அந்தப் புடவைக்கடை விற்பனைப் பெண்ணைச் சந்தித்தேன். உட்காரும் வாங்கில் இடமிருந்தும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"இரிங்க அக்கா" என்றேன்.

"பழகிப்போச்சு புள்ள, கடையில இரிக்க விடமாட்டாங்க."

முன்பு ஒப்பரேசன் செய்த அவருடைய இடது காலில் நரம்புகள் மறுபடியும் சுருண்டு புடைத்திருந்தன. டொக்டரைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் விசாரித்தேன்.

"ஸ்கான் பாத்திட்டு அந்த நரம்ப லேசரால மூடலாமாம், இல்லாட்டி ஊசி போடலாமாம். எதச் செஞ்சாலும் நாள் முழுக்க நிக்கக் கூடாதாம். நிக்காட்டி ஆர் புள்ள எனக்கு வேல தருவாங்க?"

எனக்கும் ஸ்கான் எழுதியிருந்தார்கள்; இருவருக்கும் ஒரே நாள்தான். அவர் வரவில்லை.

மறுவாரம் அவர் வேலை செய்வதாகச் சொல்லியிருந்த கடைக்குப் போனேன். முதலாளி அருகில் இருந்தார். அக்கா என்னைத் தெரியாதவர்போல, "என்ன நிறத்தில பாக்கிறீங்க?" என்று கேட்டார். நானும் காலைப் பற்றி எதுவும் கேட்காமல் நீலம் என்றேன். கேட்டிருக்க வேண்டுமோ என்று இன்றும் தெரியவில்லை.