பிரேக்கக்கா போடாத கையெழுத்து

அந்த லாரி ஷெட்டில் எல்லாரும் அவளைப் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டிப் பெருக்க வந்தவள். பதினெட்டு வருஷத்தில் டிரெய்லர் பிரேக் வேலை முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது. முன்கோபம் மட்டும் பிறந்த வீட்டுச் சீதனம் என்பார் கணவர்.

அவருக்குக் கண் ஆபரேஷன் என்று ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். திரும்பி வந்த அன்று காலையிலேயே ஒரு டிரைவர் வந்து நின்றார்.

"அக்கா, பிரேக்க மிதிச்சா டிரெய்லர் இடப்பக்கமா இழுக்குது. கரகரன்னு சத்தம் வேற."

சமதரையில் நிறுத்தச் சொல்லி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாள். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகுதான் சக்கரத்தில் கை வைத்தாள். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வலப்பக்க பிரேக் ஷூவில், டிரம்மை உரசி நிறுத்தும் லைனிங்கே இல்லை. லைனிங்கைப் பிடித்திருந்த ரிவெட் ஆணிகளின் தலைகள் டிரம்மை உழுதிருந்தன.

பரிசோதனை நோட்டைப் புரட்டினாள். நாலு நாளைக்கு முந்தைய தேதி. 'ஷூ நன்றாக உள்ளது.' கீழே அவள் கையெழுத்து! அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரியில் கணவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

தேய்ந்த ஷூவைத் தூக்கிக்கொண்டு போய் சூப்பர்வைசர் மேசைமேல் போட்டாள். டீ கவிழ்ந்தது.

"என் கையெழுத்த யாரு சார் போட்டது?"

"நீ இல்ல, வண்டி போயாகணும். இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?"

"லோடோட இறக்கத்துல போயிருந்தா முழுகியிருக்கும். அப்ப என் பேரத்தானே காட்டியிருப்பீங்க?"

"கத்தாத. அந்த ஒரு பக்கத்த மாத்தி அனுப்பு."

"ஒரு பக்கம் மட்டும் மாத்தினா மறுபடியும் இழுக்கும். ரெண்டு பக்கமும் மாத்தணும். அது மட்டுமில்ல, அந்த வாரம் நீங்க அனுப்பின எல்லா வண்டியும் திரும்பி வரணும்."

அவர் கவிழ்ந்த டீயைத் துடைப்பதற்குள் அவளே போனை எடுத்துவிட்டாள். வாசலில் நின்ற டிரைவர் மற்ற டிரைவர்களின் நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஏழு வண்டிகள் திரும்பின. இன்னும் இரண்டில் இதே கதி. முகமூடி கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் ஈரத்துணியால் துடைத்து, இரு பக்கமும் புது ஷூ, புது ஸ்பிரிங், புது டிரம் போட்டாள். ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, மிதித்துப் பார்த்த பிறகே சாவியைக் கொடுத்தாள்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. "அவர மன்னிச்சு விட்டுடும்மா" என்றார்.

"நான் யாரு மன்னிக்க? ஓட்டினவங்ககிட்ட கேக்கச் சொல்லுங்க."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டே டிரைவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாளே அவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் ஆறவில்லை. அவர் எதிரே வந்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.