கேக்குக்குத் தூக்கிய கைகள்

கோயில் தேருக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்ட மூங்கில் உச்சியில் நின்றிருந்தேன். ரங்கூனில் என்னைப்போல் கம்பம் ஏறுகிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அப்போது கைபேசி அடித்தது. "மாமா, அப்பா போயிட்டாரு" என்றாள் வேலு அண்ணன் மகள் செல்வி. அந்த நிமிடமே எங்கள் பசுந்தாங் பேட்டை முழுவதும் கரண்ட் போனது. கரண்ட் இங்கே தினமும் போவதுதான். ஆனால் அன்று போனது மைக்செட் வேலு அண்ணனுக்காக என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

பர்மாக்காரர்களுக்கு அவர் ஊ வேலு; ஆணுக்கு 'ஊ', பெண்ணுக்கு 'டோ' என்று சேர்ப்பது அவர்கள் மரியாதை. நாங்கள் இருவரும் கூட்டாக மைக் வாடகைக்கு விட்டோம். எங்கள் செட்டைத் திருகினால் ஆற்றுக்கு அந்தப்புறம் டாலாவில் தூங்குகிற பிள்ளை எழுந்து உட்காரும். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். ஆனாலும் மக்களிடம் நகர ஆபீஸ் எப்படிக் கருத்துக் கேட்கிறது என்று மார்க் போட எங்களைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரில் கிடையாது. எதையாவது இடிக்க முடிவுசெய்த பிறகுதான் அவர்கள் கருத்துக் கேட்பார்கள். கேட்பதற்கு மைக் எங்களுடையது.

வேலு அண்ணன் மார்க் போடுவதற்கு ஒரே கேள்விதான் வைத்திருந்தார். செட் பேச வரும் குமாஸ்தாவிடம், "சனங்களுக்கு எத்தனை மைக்?" என்பார்.

"அவங்களுக்கு எதுக்கு ஊ வேலு? ஐயா பேசுறதைக் கேக்கத்தானே வர்றாங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொல்வார்: "வாயைத் தைச்சுப்புட்டு, சாப்பிட்டியான்னு விசாரிக்கிற பயலுக." குமாஸ்தாவுக்கும் சேர்த்துச் சிரிப்பார்.

கடைசியாக நாங்கள் போனது ஓடைக்கரைச் சந்தைக் கூட்டம். கடைகளைத் தூக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்யப்போகிறார்களாம். அந்தச் சந்தையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்ற டோ தீன், புருஷன் இல்லாதவர். தினமும் டாலாவிலிருந்து படகேறி வருவார். அந்தக் கடை போனால் அவர் வீட்டு அடுப்பும் போகும். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லோர் கையிலும் கேக் பொட்டலம் திணித்தார்கள். அதிகாரி பாதிப் பேச்சில் நிறுத்தி, "கேக் கிடைக்காதவங்க இருந்தா கையைத் தூக்குங்க" என்றார். ஆபீஸ் கேக்கை யார்தான் விடுவார்கள்? இன்னொன்று கிடைக்குமே என்று தின்றவர்களும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். படக்காரன் மேடையேறிப் பளிச்சென்று படம் பிடித்தான். அது ஆபீஸ் சுவரில் ஏறும், கீழே 'மக்கள் ஒருமனதாகச் சம்மதம்' என்று எழுதுவார்கள். பார்த்துப் பார்த்துப் புளித்த வித்தைதான்.

அதிகாரி டீ குடிக்க உட்கார்ந்தார். வேலு அண்ணன் ஒயர் சரியில்லை என்று மேடையேறி மைக்கை எடுத்தார். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட். கேக் வேணும்னு தூக்கின கையை இறக்கிக்கங்க. சந்தை போகட்டும்னு நினைக்கிறவங்க மட்டும் தூக்குங்க."

மண்டபத்தில் ஒரு கைகூட எழவில்லை. டோ தீன் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இதையும் ஒரு படம் எடுத்துக்க" என்றார் அண்ணன். அதிகாரி குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அதோடு ஆபீஸ் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்தியது. மழை விட்டதும் சந்தையை வழித்தெடுத்தார்கள். இப்போது அங்கே ஆபீஸ் கார்கள்தான் நிற்கின்றன, அதுவும் குறுக்கும் நெடுக்குமாக. ஆனால் சம்மதம் என்று எழுதிய படம் எந்தச் சுவரிலும் ஏறவில்லை.

சவ ஊர்வலத்துக்கு டோ தீன் படகேறி வந்தார். இப்போது டாலா படகுத்துறையில் கூடை வைத்து விற்கிறார், வியாபாரம் முன்போல் ஓட்டம் இல்லை. என்னிடம் பர்மியில் சொன்னார்: "கடையைப் பிடுங்கிட்டாங்க. நானா குடுத்தேன்னு மட்டும் எவனும் சொல்ல முடியாது. ஊ வேலு சொல்ல விடலை."

அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த மண்டபத்தின் அமைதியைத்தான். அன்று ஒயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். இதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.