மூன்று மிடறு

லண்டன் மோர்டனிலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில், மிளகாய்த்தூள் போத்தல்களுக்குப் பின்னால் ஒரு நீலப் பிளாஸ்டிக் கோப்பை இருக்கிறது. விளிம்பெல்லாம் பல் பதிந்த தடம். கைப்பிடி பாதிதான் மிச்சம். வீட்டைத் துப்புரவாக்கும் ஒவ்வொரு முறையும் மனைவி அதைக் குப்பைப் பைக்குள் போடுவாள், நான் எடுத்துத் திரும்ப வைப்பேன். "குரங்கு கடிச்ச கோப்பைக்கு இந்த வீட்டில இருக்கிற மரியாதை எனக்கில்லை" என்பாள். குரங்கில்லை, சிம்பன்சி என்று திருத்துவேன்.

எண்பதுகளின் கடைசியில், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் நாங்கள் டூட்டிங்கில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருந்தபோது, லண்டனின் தெற்கு ஓரத்திலிருந்த ஒரு காப்பகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சர்க்கஸிலிருந்தும் ஆய்வுகூடங்களிலிருந்தும் மீட்கப்பட்ட சிம்பன்சிகளை அங்கே வைத்துப் பராமரித்தார்கள். கோவா என்கிற முட்டைக்கோசும் கரட்டும் ஆப்பிளும் பெட்டி பெட்டியாக நறுக்க வேண்டும். கூடுகளைக் கழுவி வைக்கோல் மாற்ற வேண்டும். அவை சும்மா குந்தியிருந்து சலித்துப்போகாமல் தேடித் தின்னட்டும் என்று சூரியகாந்தி விதைகளை அந்த வைக்கோலுக்குள் தூவ வேண்டும். கண்டிப்பான விதிகள் இரண்டு. ஒருவர் பூட்டிய கதவை இன்னொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். சிம்பன்சிக்கு முன்னால் பல் தெரியச் சிரிக்கக் கூடாது, பல்லைக் காட்டுவது அவற்றுக்குப் பயத்தின் அடையாளம். எத்தனையோ அதிகாரிகளுக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன் நான். சிம்பன்சிகள் சொல்வது சரி என்றே எனக்குப் பட்டது.

நான் பிறவிச் சந்தேகக்காரன் என்று மனைவி சொல்வாள். பிறவியில் வந்ததல்ல அது. ஊரில் சோதனைச் சாவடியில் நிற்பவன் என் பெயரை ஏன் இரண்டாம் தரம் கேட்கிறான், பின்னால் வரும் வாகனம் ஏன் வேகத்தைக் குறைக்கிறது என்று யோசித்து யோசித்தே உயிர் தப்பி வந்தவன் நான். லண்டனுக்கு வந்தும், தபாலில் வரும் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பேன். எல்லாவற்றையும் கவனிப்பேன், ஆனால் யாரிடமும் எதையும் கேட்க மாட்டேன். கேள்வி கேட்பவனுக்கு வேலை நிலைக்காது என்பது என் எண்ணம்.

சிம்பன்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆங்கிலப் பெண்மணி. எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது "பெரிய மிஸ்" என்போம். அதிகம் பேசமாட்டார். நான் பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு "சரி" என்று மட்டும் சொல்வார். அவருடைய தனிக் கவனத்தில் இருந்தவள் ரோசா.

ஸ்பெயின் கடற்கரையில், உல்லாசப் பயணிகளின் மடியில் வைத்துப் படம் பிடிப்பவர்களிடமிருந்து மீட்கப்பட்டவள் ரோசா. சின்னப் பிள்ளைகளின் சட்டை போட்டு, கடிக்காமலிருக்கக் கோரைப் பற்களைப் பிடுங்கி, அடங்கிக் கிடப்பதற்காகக் குடிக்கக் கொடுப்பதிலெல்லாம் மயக்க மருந்து கலந்திருக்கிறார்கள். கையெல்லாம் சிகரெட்டால் சுட்ட தழும்பு. முதுகைச் சுவரோடு ஒட்டித்தான் உட்காருவாள். வாழைப்பழத்தைக் கொடுத்தால் மோந்து பார்த்து, நுனி நாக்கால் நக்கி, கொடுத்தவரிடமே நீட்டுவாள். முதலில் நீ தின்று காட்டு என்று அர்த்தம். எனக்கு ஏற்ற ஆள்தான் என்று நினைத்தேன். அவளோ நான் உள்ளே வரும்போதெல்லாம் கூட்டின் மறுமூலைக்குப் போனாள்.

ஒருநாள் காலை நான் கோவா வெட்டிக்கொண்டிருந்தபோது, பெரிய மிஸ் பின்னறைக்குள் போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு மண்ணிறப் போத்தலை எடுப்பதைக் கதவிடுக்கால் கண்டேன். ஆறிய தேத்தண்ணீர் இருந்த நீலக் கோப்பைக்குள் அதிலிருந்து கொஞ்சம் ஊற்றினார். சுற்றுமுற்றும் பார்த்தார். ரோசாவின் கூட்டடியில் நின்று கோப்பையில் வாய் வைத்துத் தானும் குடித்தார், பிறகு கம்பிவலையின் இடைவெளியால் அவளுக்கும் பருக்கினார். பின்னேரமும் அதே கூத்து. இடையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வைக்கோல் கட்டின்மேல் சாய்ந்து வாயைத் திறந்தபடி நித்திரை. அடுத்த நாளும் அப்படியே. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"பெரிய மிஸ் குடிக்கிறா. அந்த வாயில்லாச் சீவனுக்கும் பருக்கிறா" என்றேன் மனைவியிடம்.

"கண்டனீங்களோ?"

"போத்தலைக் கண்டனான்."

"என்ன போத்தல் எண்டு கேட்டனீங்களோ?"

"அதெல்லாம் கேக்க ஏலுமே?"

"கேக்க ஏலாது, எழுத மட்டும் ஏலுமோ?" என்றாள், என் கையிலிருந்த பேனாவைப் பார்த்து.

மொட்டைக் கடிதம் எழுதுவதில் எங்கள் ஆட்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. இடது கையால், பெரிய எழுத்தில், பெயர் போடாமல், முகாமையாளருக்கு எழுதி அஞ்சலில் சேர்த்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த ஆங்கிலத்தில், 'மதிப்புக்குரிய ஐயா, தங்கள் மேலான கவனத்துக்கு மிகுந்த தாழ்மையுடன் கொண்டுவருவது யாதெனில்' என்று முறையாகத் தொடங்கியிருந்தேன்.

மூன்று நாளில் பெரிய மிஸ்ஸை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடிய வேலையே போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். அவர் தன் சப்பாத்துகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனபோது நான் கரட் வெட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

அன்றிலிருந்து ரோசா ஒரு சொட்டும் குடிக்கவில்லை. யார் கோப்பையை நீட்டினாலும் தட்டிவிட்டாள். பழத்துக்குள் எதையோ ஒளித்து வைத்துப் பார்த்தார்கள், பிளந்து பார்த்து எறிந்தாள். மறுநாள் கை நடுங்கத் தொடங்கியது. முழங்கை மயிரைப் பிடுங்கிக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டேயிருந்தாள். விலங்கு வைத்தியர் முகாமையாளரிடம் சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. பல வருடம் கொடுத்துப் பழக்கிய மயக்க மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் கிழமைக்குக் கிழமை அளவைக் குறைத்து அந்தப் போத்தலில் அவரிடம் கொடுத்துவந்தேன் என்றார். கோவா வெட்டிய கத்தி என் கையிலேயே நின்றுவிட்டது.

அப்படியானால் பெரிய மிஸ் ஏன் குடித்தார்? "ரோசாவுக்காக என்றுதான் சொல்கிறார். மருந்துக்கு அவரே அடிமையாகிவிட்டார் என்று நான் நினைக்கிறேன்" என்றார் முகாமையாளர். சந்தேகப்படுவது என் தனிச்சொத்து இல்லை என்று அன்று கண்டேன்.

எல்லோரும் முயன்று கைவிட்ட பிறகு மருந்து கலந்த கோப்பை என்னிடம் வந்தது. நான் குடித்துக் காட்டினால் குடிப்பாள் என்று தோன்றியது. சின்ன வயதிலிருந்து பழகியபடி, கோப்பையில் உதடு படாமல், அண்ணாந்து வாய்க்குள் ஊற்றிக் குடித்தேன். எச்சில் படுத்தாமல் கொடுப்பதுதானே மரியாதை. ரோசா என்னை உற்றுப் பார்த்தாள். கோப்பையை வாங்கி என் முகத்திலேயே எறிந்தாள். அந்தரத்தில் ஊற்றுபவன் ஏதோ வித்தை காட்டி ஏமாற்றுகிறான் என்று நினைத்திருப்பாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கோப்பை கலந்து வரச் சொன்னேன். இந்த முறை விளிம்பில் வாயை வைத்தேன். அவள் கம்பிவலைக்கு அருகில் வந்து என் தொண்டையைப் பார்த்தாள். ஒரு மிடறு விழுங்கினேன், அசையவில்லை. இரண்டு, அப்போதும் இல்லை. மூன்றாவது மிடறு இறங்கிய பிறகுதான் உதட்டைக் குவித்து நீட்டினாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். நடுங்கிய அவள் விரல்கள் என் விரல்களின் மேல் இருந்தன. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் ஏறி இருந்ததுதான் நினைவு. கடைசித் தரிப்பிடத்தில் சாரதி தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினார். நாக்கு தடித்து, வாய் திறந்தபடி கிடந்திருக்கிறேன். வைக்கோல் கட்டின்மேல் படுத்திருந்த பெரிய மிஸ்ஸின் முகம் அப்போது கண்முன் வந்தது. காலையும் மாலையும் மும்மூன்று மிடறு. விலங்கின் கோப்பையில் வாய் வைக்கக் கூடாது என்று வைத்தியர் தடுத்திருந்தபடியால் ஒளித்துச் செய்திருக்கிறார். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை முகாமையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரோசாவின் கூட்டடிக்குக் கூட்டிப்போய் அவர் கண் முன்னால் மூன்று மிடறு குடித்தும் காட்டினேன். கடைசியில், கடிதம் எழுதியவனும் நான்தான் என்றேன். "தெரியும். இங்கே வேறு யார் 'மிகுந்த தாழ்மையுடன்' எழுதுவார்கள்? நிறுத்திவைத்த அன்றே அவரும் வாசித்தார்" என்றார்.

பெரிய மிஸ் திரும்பி வந்தார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார். வைத்தியர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்ததால், மருந்து முற்றாக நிற்கும்வரை காலை அவரும் மாலை நானுமாகக் குடித்தோம். நான் பூட்டிய கதவை மட்டும் அதன் பிறகு இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். வருடக்கணக்கில் அந்த இரண்டாவது இழுப்பு எனக்குச் சுட்டது.

ரோசா கூட்டத்தோடு சேர்ந்தாள், கிளைகளை வளைத்துப் படுக்கை கட்டப் பழகினாள், ஒருநாள் தொட்டித் தண்ணீரை யாரையும் பாராமல் குனிந்து குடித்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பெரிய மிஸ் ஓய்வுபெற்றார். கடைசி நாள், வெட்டுப் பலகைக்கு முன்னால் நின்ற என்னிடம் அந்த நீலக் கோப்பை நிறையத் தேத்தண்ணீரோடு வந்தார். நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் திருப்பி எடுத்துத் தானே குடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு என்னிடம் தந்தார். அவர் குடித்த நேரமெல்லாம் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று அப்போதுதான் உணர்ந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தேன். அவர் சிரித்தார், பல் தெரியாமல்.

இப்போது எனக்குப் பிரஷருக்குக் காலையில் இரண்டு குளிசை. மனைவி தேத்தண்ணீரோடு கொண்டுவந்து தருவாள். நான் குளிசையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டால் அலுமாரியைத் திறந்து, மிளகாய்த்தூள் போத்தல்களை விலக்கி, நீலக் கோப்பையை எடுத்து மேசையில் வைப்பாள்.

"நான் குடிச்சுக் காட்டட்டோ?"

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விழுங்குவேன்.