பன்றி வளர்த்த மேயரும் எங்கள் பேஸ்மென்ற் யன்னலும்

மொன்றியலில் வில்லரேப் பக்கம் ஒரு பேஸ்மென்ற்றில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். மற்ற மூவரும் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள். நான் மட்டும் மட்டக்களப்பு. வயதிலும் மூத்தவன், ஊரில் மனைவியும் மகளும் இருந்தார்கள், அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். இவ்வளவு தகுதிக்கும் அவர்கள் எனக்கு மரியாதை தந்திருக்க வேண்டும். தந்தது ஒரு பட்டப்பெயர்: சேர்மன் அண்ணை.

காரணம் என் வாய்தான். எந்தப் பேச்சை எடுத்தாலும் அதை நான் ஜேர்மனியில் இருந்த ஒரு குக்கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். பெடியன் ஒருவன் ரொட்டி கருகிவிட்டது என்றால், அந்தக் கிராமத்தில் தீயணைப்புப் படை எப்படி ஊர்க்காரர்களாலேயே நடத்தப்படுகிறது என்று தொடங்குவேன். "அண்ணை, தீயை அணைச்சாச்சு. நீங்கள் உருளைக்கிழங்கை வெட்டுங்கோ" என்பான் அவன்.

எண்பதுகளின் நடுவில் ஜேர்மனிக்கு அகதியாக ஓடியவர்களை அங்கே ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். எனக்கும் இன்னும் சிலருக்கும் விழுந்தது மேற்கே, மலைச்சரிவில், நடுவே ஓடை ஓடுகிற ஒரு சின்ன ஊர். வேலை செய்யக் கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. சாப்பிடலாம், தூங்கலாம், யோசிக்கலாம். யோசிப்பதுதான் அதில் மிகக் கஷ்டமான வேலை என்று கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது.

அந்த ஊரில் ஊராட்சி மன்றக் கூட்டம் தீயணைப்பு வண்டி நிற்கிற கட்டடத்தின் மாடி மண்டபத்தில் நடக்கும். பொதுமக்கள் யாரும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். ஆனால் யாரும் போவதில்லை. நான் ஊரில் கிராமசபை அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவன். பழக்கதோஷம், போய் உட்கார்ந்தேன். மண்டபத்தில் நல்ல சூடும் இருந்தது. முதல் கூட்டத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் நடந்தது முழுவதும் விளங்கியது. ஒருவர் பேசினார், ஒருவர் கொட்டாவி விட்டார், ஒருவர் மேசையைத் தட்டினார், கடைசியில் எதுவும் முடிவாகவில்லை. எங்கள் கிராமசபையேதான், உடுப்பு மட்டும் கம்பளி.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மாதக்கணக்காகப் போனேன். அந்த ஊரின் சரித்திரத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த மன்றத்தார் இருநூறு வருடம் பின்னால் போகாமல் ஒரு தெருவிளக்கைப் பற்றிக்கூடப் பேச மாட்டார்கள், அதனால் தானாகவே காதில் விழுந்தது. ஓடைக்கு இந்தக் கரை ஒரு காலத்தில் ஒரு பிரபுவினுடையது, அந்தக் கரை இன்னொருவருடையது. இந்தக் கரையில் கத்தோலிக்கர், அந்தக் கரையில் புரட்டஸ்தாந்தினர். பாலத்தில் நின்று இரண்டு பக்கத்தாரும் சுங்கம் வாங்கியிருக்கிறார்கள். பிரபுக்கள் போன பிறகும் அந்தக் கோபம் போகவில்லை. எழுபதுகளில் அரசாங்கம் சின்ன ஊர்களைச் சேர்த்துக் கட்டியபோது இரண்டு கரையும் ஒரே ஊராட்சியாகிவிட்டது. ஒரே மன்றம், ஒரே தீயணைப்பு வண்டி, ஆனால் இரண்டு மயானம். சேர்த்த ஊருக்கு இரண்டு கரைகளின் பெயரையும் ஒட்டி வைத்தார்கள். எந்தப் பெயர் முன்னால் என்ற சண்டை நான் போன காலத்திலும் ஓயவில்லை. பெயர்ப்பலகையில் பாதியை அவ்வப்போது யாரோ தார் பூசி மறைப்பார்கள். மற்றப் பாதிக்காரர்தான் செய்தது என்பது எல்லாருக்கும் தெரியும், மன்றத்தில் மட்டும் அது விசாரணையில் இருந்தது.

மேயருக்குப் பெரிய சம்பளமெல்லாம் இல்லை. பகலில் பன்றி வளர்ப்பார், மாலையில் ஊரைப் பார்ப்பார், இரண்டுக்கும் ஒரே சப்பாத்து. கூட்டத்தின் முடிவில் ஊரில் குடியிருப்பவர்கள் கேள்வி கேட்கலாமா என்று வழமைக்குக் கேட்பார், யாரும் இல்லாத கதிரைகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எழும்புவார். ஒரு நாள் நான் கையைத் தூக்கிவிட்டேன். பாலத்து விளக்கு எரிவதில்லை என்று, ஒரு வாரம் மனப்பாடம் செய்த வசனத்தைச் சொன்னேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மேயர் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு முன் விளக்கு எரிந்தது. அதன் கீழே போய் நின்று நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏதோ நாடு பிடித்தவன் மாதிரி நின்றேன்.

இதையெல்லாம் கசெற்றில் பேசி மனைவிக்கு அனுப்பினேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கடிதத்தைவிடக் கசெற்றைத்தான் நம்பினார்கள், குரலாவது போய்ச் சேருமே என்று. ஓடை எங்கே தொடங்குகிறது, எந்தக் கோயில் மணி எத்தனை நிமிடம் பிந்தி அடிக்கும், மேயரின் பன்றி எத்தனை குட்டி போட்டது, எல்லாம் சொன்னேன்.

பிறகு எல்லாரையும் போல நானும் ஒரு வழியாகக் கனடா வந்தேன். மிராபெல் விமான நிலையத்தில் இறங்கினேன், அகதி வழக்கு முடிந்து பேப்பர் கிடைத்தது, டோர்வல் விமான நிலையத்தில் பிளேன் துப்புரவு செய்கிற வேலையும் கிடைத்தது. இறங்கிப் போனவர்கள் ஆசனப் பைகளில் விட்டுப்போனதைக் கிள்ளி எடுக்கிற வேலை. ஓய்வு நாளில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சட்டி கழுவினேன். இதைக் கசெற்றில் பேச முடியுமா? மேசையில் இருந்து கையெழுத்து வைத்தவனின் மனைவியிடம் சுவிங்கம் சுரண்டுகிற கதையைச் சொல்வதா? கசெற்றோ ஒரு மணித்தியாலம் ஓடுகிற சாமான். ஆகவே மொன்றியலில் இருந்துகொண்டும் பழைய கிராமத்துக் கதையையே சொன்னேன். அதுவும் பழக்கத்தில் 'இங்கே' என்றே சொல்லியிருக்கிறேன். இங்கே பாலத்தடியில், இங்கே மன்றத்தில் என்று.

அவளுக்கும் மகளுக்கும் ஸ்பொன்சர் போட்டேன். கொழும்பில் கனடா விசா அதிகாரியிடம் நேர்முகம் நடந்தது. முடிந்த அன்று அவள் தொலைபேசியில் அழைத்தாள். குரலே சரியில்லை.

"உங்கட புருஷன் இரிக்கிற ஊரைப் பத்திச் சொல்லுங்க எண்டு கேட்டாரு. சொன்னன்."

"என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதெல்லாம்தான். ஓடை, ரெண்டு கோயில், பாலத்து லைட், பண்டி வளக்கிற மேயர். அவரு பேனையக் கீழ வெச்சிட்டு, மொன்றியல் மேயர் பண்டி வளக்கிறாரா எண்டு கேட்டாரு. ஓம் எண்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. கணவன் வாழும் ஊரே தெரியாத மனைவி உண்மையான மனைவிதானா என்று அதிகாரிக்குச் சந்தேகம். அவரில் பிழை சொல்ல மாட்டேன், நான் அந்தக் கதிரையில் இருந்தாலும் பேனையைக் கீழே வைத்திருப்பேன். இன்னொரு தரம் கூப்பிடுவார்களாம். அதிலும் பிழை வந்தால் விசா இல்லை.

பெடியன்களிடம் சொன்னேன். ஒருவனுக்கும் சிரிப்பு வரவில்லை, அதுதான் என்னைப் பயப்படுத்தியது. "அண்ணை, உடனை மொன்றியலைப் பற்றி ஒரு கசெற் அடிச்சு அனுப்புங்கோ. அடுத்த கிழமை என்ர மாமா கொழும்புக்குப் போறார், குடுத்துவிடுவம்" என்றான் ஒருவன். "ஓம்" என்று பதிவுக்கருவியை எடுத்து வைத்துப் பொத்தானை அழுத்தினேன். பேச ஒன்றுமில்லை. இங்கே மேயர் யார்? தெரியாது. ஆறு எங்கே? தெரியாது. பெடியன்களைக் கேட்டேன். அவர்களுக்குத் தெரிந்தது மெட்ரோ, டெப்பனர் என்கிற மூலைக்கடை, வேலை.

அடுத்த நாள் மெட்ரோ நிலையத்துச் சுவரில் இருந்த நகர வரைபடத்தின் முன் போய் நின்றேன். பார்த்தால் சுற்றிவர நீலம். மேலே நீலம், கீழே நீலம். நான் ஒரு தீவில் இருந்தேன்! மட்டக்களப்பு நகரமே தீவில் இருக்கிறது. வாவித் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவன் நான். மலைமேட்டு ஜேர்மன் ஓடையின் ஊற்றுக்கண் வரை தெரிந்தவன். இரண்டு வருடம் ஒரு தீவில் குடியிருந்துவிட்டு அதைச் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற மனிதரிடம் "இது தீவா?" என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அவசரமாக ரயிலேறிவிட்டார்.

தண்ணீரைப் பார்க்காமல் பேசுவதில்லை என்று வீம்பு வந்தது. விடுமுறை எடுத்து பஸ் மாறி மாறிப் புவாண்ட்-கிளேர் போனேன். ஆறு அங்கே ஏரி போல அகன்று கிடந்தது. கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, பதிவுக்கருவியை மடியில் வைத்து, தீவின் அமைப்பு, பாலங்கள், ஊராட்சி, விசாரித்துத் தெரிந்துகொண்ட மேயர் என்று ஒரு பாடமே நடத்தினேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் காற்று மட்டும் ஊளையிட்டது. நடுவில் ஒரே ஒரு முறை 'ஆகவே' என்று என் குரல் கேட்டது.

மாமா அடுத்த நாள் காலை புறப்படுகிறார். வேறு வழியில்லை. பேஸ்மென்ற்றில் யன்னலடியில் குந்தி, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். பின்னால் ஒரு பெடியன் மீன் பொரித்தான், இன்னொருவன் துவாயைக் காணவில்லை என்று கத்தினான். எங்கள் யன்னல் தெருவின் மட்டத்தில் இருந்தது. தீவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் வெளியே போய்விடும். "பொறு, சிவப்புச் சப்பாத்துக்காரி போறா, பின்னால அவட நாய். இவ எப்பவும் இந்த நேரம்தான்" என்று இடையில் சொல்லியிருக்கிறேன். பாடம் கெட்டுவிட்டதே என்று மனம் நொந்துகொண்டுதான் கசெற்றைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நேர்முகத்தில் அதிகாரி தீவைக் கேட்கவில்லை. மேயரைக் கேட்கவில்லை. காலையில் எழும்பினால் உங்கள் கணவர் என்ன பார்ப்பார் என்று கேட்டாராம்.

"கால்" என்றிருக்கிறாள் இவள். மொழிபெயர்ப்பாளர் மறுபடி கேட்டிருக்கிறார். "கால்தான். என்ட புருஷன் அந்த ஊர்ல மனிசர முழங்காலுக்கு மேல பார்க்கிறல்ல. நிலத்துக்குக் கீழ இரிக்காரு. சிவப்புச் சப்பாத்துப் போட்ட ஒரு பொம்புள போவா, அவக்குப் பின்னால ஒரு நாய். வீட்டுக்குள்ள மீன் மணக்கும், துவாயக் காணாம ஒருத்தன் கத்துவான்."

அதிகாரி சிரித்தாராம். விசா வந்தது. நான் விடுமுறை எடுத்து, காற்றில் நின்று, தொண்டை கிழியக் கற்பித்த புவியியலுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அவளும் மகளும் வந்த அன்று பெடியன்கள் வீட்டைக் கழுவி வைத்துவிட்டு, வேறு இடத்துக்குப் படுக்கப் போய்விட்டார்கள். மகள் என்னைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்தாள். குரல் தெரிந்த பிள்ளைக்கு முகம் தெரியவில்லை. எனக்குத் தாங்கவில்லை, தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது மனைவி யன்னலில் நின்றாள். தெருவில் ஆட்களின் கால்கள் போய்க்கொண்டிருந்தன. மகள் நாயைத் தேடினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மனைவி திரும்பாமலே கேட்டாள்:

"அந்த ஜேர்மன் ஊரப் பத்தி எவ்வளவோ சொன்னீங்க. ஓடை எங்க தொடங்குது எண்டு எனக்குத் தெரியும். அந்த ஊர்ல நீங்க எங்க படுத்தீங்க எண்டு ஒரு நாளும் சொல்லல்ல."

யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பெடியன்கள்கூடக் கேட்டதில்லை. மன்ற மண்டபத்துக்குப் பின்னால், சாமான் போட்டு வைக்கிற அறையில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில் போட்டு எங்களை வைத்திருந்தார்கள் என்று சொன்னேன். எனக்கு மேல்கட்டில். எழும்பி இருந்தால் தலை இடிக்கும். கீழே படுத்தவன் தூக்கத்தில் அழுவான். காலையில் நாங்கள் ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

"யன்னல் இருந்திச்சா?"

"இல்ல" என்றேன். "அதுதான் எந்த நேரமும் வெளியில போய் ஊரப் பாத்துக்கிட்டுத் திரிஞ்சன்."

அவள் யன்னலில் எனக்கும் இடம் வரும்படி கொஞ்சம் தள்ளி நின்றாள்.