ரெஃபரி கை தூக்கிய பிறகு

டோரின் என்ற ஊரில் ஓரெஸ்ட் என்று சொன்னால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவன் அடித்த கோல் அல்ல, அவன் அடிக்காத அடிதான். கனடாவின் கோதுமைச் சமவெளியில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்கு மாகாண ஹாக்கிக் கோப்பை வந்தது ஒரே ஒரு தடவை. அதை வாங்கிக் கொடுத்தவன் அவன். அந்தக் கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிய ஊர், வாங்கிக் கொடுத்தவனைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நன்றி கெட்ட ஊர் என்று சொல்ல எனக்கு வாய் வரத்தான் செய்கிறது. ஆனால் கதை அவ்வளவு நேராக இல்லை.

ஓரெஸ்டும் லைலும் ஸ்கேட் கட்டத் தெரிந்த நாளிலிருந்து கூட்டாளிகள். லைல் கோல்கீப்பர். ஓரெஸ்ட் அவனுக்கு முன்னால் நிற்கும் காவல் ஆட்டக்காரன். ஒருவன் மூச்சு விட்டால் மற்றவனுக்குத் தெரியும். பிறகு லைல், ஓரெஸ்டின் தங்கை லெஸ்யாவைக் கட்டினான். அதுவரை வாய்ப்பேச்சாக இருந்த மச்சான் உறவு அன்றிலிருந்து சட்டப்படி ஆயிற்று.

ஐஸ் ஹாக்கியில் கோல் வாசலை ஒட்டிக் கோடு போட்டுப் பிரித்த ஒரு துண்டு இடம் உண்டு. அது கோல்கீப்பரின் வீடு. அதற்குள் புகுந்து அவன்மேல் மோதினால் ரெஃபரி கையைத் தூக்குவார். மோதியவன் வெளியே போய் உட்கார வேண்டும், அவன் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். பதிலுக்கு நீயும் பாய்ந்து அடித்தால் நீயும் வெளியே. ஓர் ஆள் கூடுதலாக இருந்திருக்கக்கூடிய லாபம் போச்சு. புத்தகத்தில் இருக்கும் விதி இது. ஊரின் விதி வேறு. கோல்கீப்பரை எவன் தொட்டாலும் அவன் பல் அவன் கையில் இருக்க வேண்டும், ஆட்டம் எக்கேடு கெட்டாலும் சரி.

ஓரெஸ்ட் ஊர் விதியில்தான் வளர்ந்தான். கோப்பை வந்ததற்கு முந்தின வருடம் இறுதி ஆட்டத்தில் ஒருவன் லைலின் தலைக்கவசத்தில் மட்டையை வீசியதும், ரெஃபரி கை தூக்கியதைக்கூடப் பார்க்காமல் போய் அவனைப் புரட்டி எடுத்தான். ஓரெஸ்டை வெளியேற்றினார்கள். டோரின் தோற்றது. அந்தக் குளிர்காலம் முடியும்வரை பெட்ரோல் பங்க்கில் இருந்து சர்ச் வாசல் வரைக்கும் அவன் தலைதான் உருண்டது.

"கையில இருந்த கோப்பைய எருமை மாதிரி முட்டித் தள்ளிட்டான்யா" என்றார்கள்.

அணியின் பயிற்சியாளர் வெண்டல், டீசல் வியாபாரி. அடுத்த சீசன் தொடங்கிய நாளிலிருந்து ஓரெஸ்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான். "ரெஃபரி கை மேல போச்சுன்னா உன் கை கீழ. புரியுதா? அவன் நம்மாள அடிச்சா நமக்கு லாபம்டா. லாபத்த நீயே போயி கெடுக்காத."

லைல் ஒருவன்தான் வேறு மாதிரி பேசினான். தோற்ற அன்றைக்கே, உடை மாற்றும் அறையில் எல்லோரும் ஓரெஸ்டைத் திட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு பீரைத் திறந்து அவன் கையில் வைத்தான்.

"கப்பு கெடக்குது கழுத. நீ வந்தியே மச்சான், அது போதும் எனக்கு."

அந்தச் சொல்லை ஓரெஸ்ட் காதில் போட்டுக்கொண்டான், மனதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் வாய் பெரிதாகக் கேட்டது. மச்சான் வாய் சின்னதாகக் கேட்டது. அவன் செய்த தப்பு என்று ஒன்று உண்டு என்றால் அது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மறு வருடமும் இறுதி ஆட்டம். எதிரணி பக்கத்து ஊர் பெல்மாண்ட். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது இரண்டு பக்கமும் சம கோல். பெல்மாண்ட்டின் கார்த் என்பவன் ரப்பர் வட்டை விரட்டிக்கொண்டு வந்தான். ஆறடிக்கு மேல் உயரம், பன்றிக்கறி வெட்டும் தொழில். வட்டு விலகிப் போன பிறகும் அவன் விலகவில்லை. நேரே கோட்டுக்குள் புகுந்து லைலின் மேல் விழுந்தான். அந்தக் காலத்தில் கோல் கம்பங்களை இரும்பு முளை அடித்து ஐஸுக்குள் இறக்கியிருப்பார்கள். மோதினால் கம்பம் நகராது. நகர வேண்டியது ஏதாவது ஒன்று நகர்ந்துதானே ஆக வேண்டும். லைலின் முழங்கால் நகர்ந்தது. அந்தச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ரெஃபரியின் கை மேலே போனது. விசில் ஊதியது. ஓரெஸ்ட் இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தான். கையுறையைப் பாதி கழற்றிவிட்டான். அப்போதுதான் அந்தத் தூக்கிய கை அவன் கண்ணில் பட்டது. வெண்டல் ஓரத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்: "கை கீழ! கை கீழ!"

கார்த் எழுந்து நின்று, தன் கையுறைகளை உதறிப் போட்டுவிட்டுத் திரும்பினான். அடி வரும் என்று தயாராக நின்றான். லைல் கீழே கிடந்து, முகக் கவசத்தின் கம்பிகளுக்கு நடுவே மேலே பார்த்தான். கார்த்தைப் பார்க்கவில்லை. ஓரெஸ்டைப் பார்த்தான்.

ஓரெஸ்ட் கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றான்.

லைலைப் பலகையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மாற்றுக் கோல்கீப்பர் இறங்கினான். கார்த் வெளியே உட்கார, டோரினுக்கு ஓர் ஆள் கூடுதல். ஓரெஸ்ட் தூரத்திலிருந்து ஓங்கி அடித்த வட்டு பெல்மாண்ட் வலையின் மூலையில் போய்ச் செருகிக்கொண்டது. கோல் விழுந்ததற்கு அரங்கின் சங்கு ஊதியபோது லைலை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கு அவன் காதில் விழுந்தது.

மறுநாள் ஓரெஸ்ட் ஒரு மடத்தனம் செய்தான். கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"மச்சான், பாரு. உனக்காகத்தான் கொண்டாந்தேன்."

லைல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "நான் கீழ கெடந்தேன்."

"தெரியும்டா. நான் அவன அடிச்சிருந்தா என்னையும் வெளிய தூக்கிப் போட்டிருப்பாங்க. கப்பு போயிருக்கும். போன வருசம் பாத்தியில்ல?"

"நான் கீழ கெடந்தேன், ஓரெஸ்ட். நீ ரெஃபரி கையப் பாத்துக்கிட்டு நின்னே."

மச்சான் என்ற சொல் அன்றோடு போயிற்று. லெஸ்யா கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அண்ணனின் தோளைத் தொட்டு வாசல்வரை கூட்டி வந்து, "விடுண்ணே" என்றாள். ஓரெஸ்ட் அந்த ஒரு சொல்லை இருபத்தைந்து வருடம் பத்திரமாக வைத்துக்கொண்டான். தங்கைக்காவது புரிகிறதே என்று.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கார்த் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஒரு புட்டி விஸ்கி, தன் கையால் அடைத்த மான்கறித் தொத்திறைச்சி, கசக்கிய தொப்பி. கட்டிலருகே நின்று குழந்தை மாதிரி அழுதான் என்று நர்சு சொன்னாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அது பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் சொன்னது. இந்த இரண்டு தடியர்களுக்கும் பொருந்திப் போனதுதான் கொடுமை. லைல் அவனை மன்னித்தான். மன்னித்தது மட்டுமில்லை, சிநேகிதனாக்கிக்கொண்டான். கேட்டவர்களிடம், "அவன் அடிச்சான். ஆட்டம்னா அடிப்பான்" என்பான். அதோடு நிறுத்திக்கொள்வான். மிச்சத்தை ஊர் சொல்லும்.

ஊரைப் பற்றி என்ன சொல்ல? போன வருடம் அடித்ததற்குத் திட்டிய அதே வாய், இந்த வருடம் அடிக்காததற்குத் திட்டியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வெண்டல் உடை மாற்றும் அறையில், "மூளையோட ஆடுனடா" என்று ஓரெஸ்டைக் கட்டிப் பிடித்தவர்தான். டீசல் பங்க்கில் யாரோ கேட்டபோது, "நான் ஒண்ணும் நிக்கச் சொல்லலியேப்பா" என்று சொல்லிவிட்டார். வியாபாரிக்கு எல்லோரும் வேண்டும்.

லைலின் கால் பிறகு மடங்கவே இல்லை. டிராக்டர் ஏற முடியாதவன் என்ன விவசாயம் பார்ப்பான்? நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு விதைக் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்தான். ஓரெஸ்ட் நகராட்சியின் பனி அள்ளும் வண்டி ஓட்டினான். ஏரிக்குப் போகும் சாலையும் அவன் பொறுப்பு. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் லைலும் கார்த்தும் ஒரு மரக் குடில் இழுத்துப் போட்டு, ஐஸில் துளை போட்டு மீன் பிடித்தார்கள். அவர்கள் சிரிப்பதைக்கூட ஓரெஸ்ட் கேட்டிருக்கிறான். அவர்கள் போய் வரும் பாதையைச் சுத்தமாக வழித்து வைத்தவன் அவன்தான்.

உக்ரைன் வழி வந்த அவர்கள் குடும்பத்துக்குக் கிறிஸ்துமஸ் சனவரியில்தான். அந்த விருந்தில் செத்துப் போனவர்களுக்காக ஒரு காலித் தட்டு வைப்பது வழக்கம். ஓரெஸ்டின் மேசையில் இரண்டு காலித் தட்டு இருந்தது. இரண்டாவது, உயிரோடு இருக்கிற லைலுக்கு. லெஸ்யா மட்டும் வருவாள், கோதுமைக் கஞ்சியில் தேன் ஊற்றிச் சாப்பிடுவாள், போகும்போது "விடுண்ணே" என்பாள்.

இதற்குள் விதிகள் எல்லாம் மாறின. கோல்கீப்பரை உரசினாலே கோல் செல்லாது என்றார்கள். மோதினால் கழன்றுகொள்ளும் கம்பம் வந்தது. ஓரெஸ்ட் ஒரு நாள் அரங்குக்குப் போய், யாரும் இல்லாத நேரத்தில், அந்தப் புதுக் கம்பத்தைத் தோளால் இடித்துப் பார்த்தான். லேசாக நகர்ந்தது. அதைப் பழைய இடத்தில் இழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான்.

லைல் ஒரு பிப்ரவரியில் மாரடைப்பில் போனான். பெட்டியைத் தூக்க வேண்டிய ஆறு பேர் யார் என்று முன்பே மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லி வைத்திருந்தான். ஐந்து பேர் பழைய அணி. ஆறாவது ஆள் கார்த். லெஸ்யா இதை போனில் சொன்னபோது ஓரெஸ்ட், "சரிம்மா. ரோட்ட நான் பாத்துக்கறேன்" என்றான்.

அடக்கத்தன்று பனிப்புயல். கல்லறைத் தோட்டம்வரை ஓரெஸ்ட் வண்டியில் முன்னால் பனியை வழித்துக்கொண்டே போக, பின்னால் லைலின் பெட்டி வந்தது. கார்த் பெட்டிக்குத் தோள் கொடுத்து இறக்கியதை அவன் வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

பிறகு சர்ச் கூடத்தில் சாப்பாடு. கார்த், நரைத்த தலையோடு, காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு நேரே ஓரெஸ்டிடம் வந்தான்.

"அன்னைக்கி நான் கிளவுஸ கழட்டிட்டு உனக்காகத்தான்யா நின்னேன். நீ வந்து ரெண்டு போட்டிருந்தீன்னா நானும் நிம்மதியாப் போயிருப்பேன். இத்தன வருசம் அவன் கால நாந்தான் சொமந்தேன்." கைகளைத் தொங்கவிட்டு முகத்தை நீட்டினான். "இப்பப் போடு. இந்தா நிக்கறேன்."

கூடமே சாண்ட்விச் மெல்லுவதை நிறுத்தியது. வெண்டல்கூடக் கைத்தடியை ஊன்றி எட்டிப் பார்த்தார். ஓரெஸ்டின் விரல்கள் மடங்கின. பிறகு தானாகவே விரிந்தன. அவன் அறுபதைத் தாண்டியவன். எதிரில் நிற்பவன் அழுகிறான். இப்போது அடிப்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அவன் தங்கையைத் தேடினான். அவள் கையில் தட்டோடு பக்கத்திலேயே நின்றாள். அவள் சொல்லப் போவது அவனுக்குத் தெரியும் என்று நினைத்தான்.

"இப்பயும் நிக்கறியா?" என்றாள் லெஸ்யா.

"லெஸ்யா... நாம ஜெயிச்சோம்மா."

"நீ ஜெயிச்சே. நான் அவரத் தூக்கித் தூக்கி கக்கூஸ்ல உக்கார வச்சேன். அன்னைக்கி இவன் பல்லு ஒண்ணயாச்சும் ஒடச்சிருந்தா, அவரு நம்ம மேசையில உக்காந்து சாப்டிருப்பாருண்ணே. விடு விடுன்னு நான் எத்தன வருசம் சொன்னேன். உனக்காகவா சொன்னேன்? பேசுனா வாயில வந்தத சொல்லிருவேன்னுதான் சொன்னேன்."

அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, கார்த்தின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

வெளியே பாதை மறுபடியும் மூடிக் கிடந்தது. உள்ளே இருந்தவர்கள் வீடு போய்ச் சேர வேண்டும். ஓரெஸ்ட் வண்டியில் ஏறி, நெடுஞ்சாலைவரை பனியை ஒதுக்கி, திருப்பத்தில் நிறுத்திக்கொண்டு அவர்களுக்கு வழி விட்டான். முதலில் வந்தது கார்த்தின் வண்டி. அந்தப் பக்கத்துச் சாலைகளில் கடந்து போகிறவர்கள் ஒருவருக்கொருவர் கை தூக்குவது வழக்கம். கார்த் தூக்கினான். ஓரெஸ்டும் தூக்கினான்.